போர்வைக்குள் ஒரு போர்வை

ஜனவரி 6, 2024

பாட்டி கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை இன்று என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியம்மாவின் மரப்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் நெடுங்காலம் மடித்தபடியே கிடந்ததால், கட்டிலில் விரித்த பிறகும் அது மடங்கிய நிலையை விட்டுக்கொடுக்கவில்லை. மடிப்பு ஓடிய இடங்களில் துணி வெளுத்தும் நைந்தும் இருந்தது. புழுங்கிய வாடை வேறு. துவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணி வாளியில் தண்ணீரும் பிடித்துவிட்டேன். நல்லவேளையாக, அதற்கு முன் ஒரு வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்து, சிவப்புக் கட்டம் ஒன்றின் மேல் சற்று நேரம் அழுத்தி வைத்துப் பார்க்கத் தோன்றியது. எடுத்தபோது வெள்ளைத் துணியில் சிவப்பு ஏறியிருந்தது. முழுப் போர்வையையும் நனைத்திருந்தால் அந்தச் சாயம் பக்கத்துக் கட்டங்களிலெல்லாம் பரவியிருக்கும்; அப்படிப் பரவிய சாயத்தைத் திரும்ப எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம். வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றினேன்.

ஜனவரி 9

தண்ணீர் கூடாது என்றான பின் தூசியை மட்டும் நீக்குவதென்று முடிவு செய்தேன். வேக்குவம் கிளீனரின் இழுவிசையை மிகக் குறைத்து, போர்வையின் மேல் ஒரு நைலான் வலையைப் பரப்பி, குழாய் முனையைத் தேய்க்காமல் ஒவ்வோர் இடமாக எடுத்து எடுத்து வைத்தேன். வலை இல்லாவிட்டால் நைந்த இழைகளும் தூசியோடு போய்விடும். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இந்தப் போர்வையை முதன்முறையாகக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

பூப்போட்ட துணிகள் திடமாக இருக்கின்றன. பழுப்புக் கட்டங்கள் மட்டும் விரல் பட்டாலே பொடிகின்றன. பழுப்பும் கறுப்பும் ஏற்றும்போது நிறம் நிலைப்பதற்காக இரும்பு உப்புகளைச் சேர்ப்பது சாயத் தொழிலின் பழைய முறை. அந்த இரும்பு துணியிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் இழையை அரித்துவிடுகிறது. பழைய போர்வைகளில் பூவைச் சுற்றிய பழுப்புக் கோடு மட்டும் உதிர்ந்து, பூவும் இலையும் அப்படியே நிற்பதற்குக் காரணம் இதுதான். பட்டின் கதை இன்னும் மோசம்: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடையைக் கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றிய பட்டுத் துணிகள், யாரும் தொடாமலே கீற்றுக் கீற்றாகக் கிழிகின்றன. பாட்டி பருத்தியோடு நிறுத்திக்கொண்டதில் எனக்கு நிம்மதி.

ஜனவரி 20

கிழிந்த கட்டத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத்துணி வைப்பது எளிது; பார்வைக்கும் அழகாக இருக்கும். ஆனால் எடுத்துப்போட்ட துணி திரும்ப வராது. அதனால் கிழிசலின் மேல் அதே நிறச் சாயலுள்ள மெல்லிய வலைத்துணியை வைத்து, ஓரங்களை மட்டும் மெல்லிய நூலால் தைத்து வருகிறேன். நூல் துணியைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். என்றாவது இழுபட்டால் நூல் அறுந்து துணி பிழைக்க வேண்டுமே தவிர, நூல் நின்று துணி கிழியக்கூடாது.

இன்று நான்காவது கிழிசலை மூடப்போனபோது, பஞ்சு தெரிய வேண்டிய இடத்தில் நீலக்கோடு போட்ட துணி தெரிந்தது. முதலில் ஒட்டுப்போட்ட துண்டு என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் அதன் மேலும் தையல் ஓடுகிறது. மேல்துணியின் தையலோடு சம்பந்தமே இல்லாத வேறு திசையில் ஓடுகிறது. பஞ்சடுக்குக்குப் பதிலாகப் பாட்டி இன்னொரு பழைய போர்வையை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்! சிக்கனமாகத் தைத்தவர்கள் இப்படிச் செய்வது உண்டு என்று அறிந்திருந்தேன். ஆனால் அது என் கட்டிலிலேயே இருக்கும் என்று எண்ணவில்லை.

போர்வையின் ஒரு மூலையை அம்மா தூக்கிப் பிடிக்க, பின்பக்கம் கைவிளக்கை வைத்துச் சில நொடிகள் மட்டும் பார்த்தோம். வெளியே சதுரங்கள், உள்ளே முக்கோணங்கள்.

ஜனவரி 21

பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். தையலைப் பிரித்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்றார். பிரித்தால் பாட்டியின் தையல் போய்விடும், பெரியம்மா, என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெட்டியில் பூட்டி வைக்கவா தைத்தாள்? போர்த்திக்கொள்வதற்குத்தானே தைத்தாள்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வி நியாயமானது. பொடிந்துபோகும் துணியைப் போர்த்துவது அதை மூன்றே ஆண்டுகளில் முடித்துவிடும் என்பதும் நியாயம். பாட்டியின் போர்வையை ஓய்வில் விட்டுவிட்டு, போர்த்துவதற்கு நானே ஒன்று தைப்பதென்று இரவில் முடிவு செய்தேன்.

பிப்ரவரி 3

துணிகளை முன்கூட்டியே துவைத்துக் காயவைத்து, கட்டங்களாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்திருக்கிறேன். துணியின் ஓரத்துக்கும் தையலுக்கும் இடையே விடும் விளிம்பு கால் அங்குலம் என்பது விதி. நான் முதல் வரிசையின் ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர்தானே என்று கூடுதலாக எடுத்துவிட்டேன். பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட வரிசையில் பதினோர் இணைப்புகள். ஆக 22 மில்லிமீட்டர் குறைந்து, முதல் வரிசை இரண்டாம் வரிசையோடு சேரவில்லை. பிரித்துத் தைக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கிச் சட்டத்தில் மாட்டித் தைக்கத் தொடங்கியதும் அந்த எரிச்சல் மறைந்துவிட்டது. ஊசி குட்டையாக இருக்க வேண்டும். துணிக்கு மேலே உள்ள கையின் நடுவிரலில் மாட்டிய உறை ஊசியைத் தள்ள, அடியில் உள்ள கையின் விரலில் முனை லேசாகப் படும்போது மேலே திருப்ப வேண்டும். இப்படி ஊசியை ஆட்டி ஆட்டி நான்கைந்து தையல்களை அதன் மேல் ஏற்றிக்கொண்ட பிறகுதான் நூலை இழுக்க வேண்டும். முதல் நாள் கீழ்விரலில் குத்திக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் கை தானாக ஓடியது. தட்டையாகக் கிடந்த துணி, தையல் ஓடிய இடத்தில் பள்ளமாகி, இடையில் சிறு மேடுகளாக எழுவதைத் தடவிப் பார்ப்பதற்காகவே பாதியில் நிறுத்துகிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் பரப்புகூட முடியவில்லை. அதைப் பற்றி வருத்தமும் இல்லை.

பிப்ரவரி 10

என் தையலை ஒப்பிடுவதற்காகப் பாட்டியின் தையலை அளந்தேன். மேற்பக்கத்தில் எண்ணினால் அங்குலத்துக்கு எட்டு, தவறாமல் எட்டு. ஆனால் ஒரு மூலையில் இரண்டு கட்டங்களில் மட்டும் நான்கு, சில இடங்களில் மூன்று. கோடும் வளைந்து போகிறது. வேறொரு கை! பெரியம்மாவிடம் கேட்டபோது முதலில் நினைவில்லை என்றார். பிறகு, எட்டு வயதில் ஒருநாள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அடம்பிடித்து ஊசியை வாங்கியதாகச் சொன்னார். பாட்டி அதைப் பிரித்துத் திரும்பத் தைத்திருப்பாள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாராம்.

பிப்ரவரி 17

போர்வையை வைக்கும் இடம் முடிவாயிற்று. யாரும் படுக்காத அறையின் கட்டிலில், திரையை மூடி, மடிக்காமல் விரித்து, மேலே துவைத்த வெள்ளைப் பருத்தி விரிப்பு. விருந்தினர் வந்தால் மட்டும் மடிப்புகளுக்குள் அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் மடிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. மரப்பெட்டியின் மரத்திலிருந்து வரும் அமிலம் துணியைப் பழுப்பாக்குகிறது. கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. சுவரில் மாட்டலாமே என்று அம்மா கேட்டார். அருங்காட்சியகங்களில்கூடத் துணிகளுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான வெளிச்சத்துக்கு மேல் விடுவதில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

மார்ச் 2

போர்வையைப் பற்றிய விவரங்களை எழுதி அதன் அடித்துணியில் தைக்கும் பெயர்த்துணியை இன்று எழுதினேன். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் தைத்த போர்வைகளில் இரண்டுதான் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை 1886இல் ஒரு கண்காட்சியில் கண்டு, சில ஆண்டுகளுக்குப் பின் ஐந்து டாலருக்கு வாங்கிய ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அதன் உருவங்களில் பலவற்றை இன்று நாம் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். நம் வீட்டுப் போர்வைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஜென்னி ஸ்மித் வாய்ப்பதில்லை.

துவைத்த பருத்தித்துண்டில், நீரில் கலையாத நிறமி மையால், தைத்தவர் பெயர், உள்ளே முக்கோணப் போர்வை ஒன்று இருப்பது, அதைத் தைத்தவர் யார் என்று தெரியாதது, சிவப்புச் சாயம் கரையும் என்பது, நான் வலை வைத்த இடங்கள் ஆகியவற்றை எழுதினேன். வந்திருந்த பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடைசி வரியில் தம் பெயர் இருப்பதைக் கண்டு, அந்தக் கோணல் தையலைப் போய் எழுதுவானேன் என்று கடிந்துகொண்டார். அடித்துணியில் மட்டும் பிடிக்குமாறு துண்டைத் தைக்க நான் உட்கார்ந்தபோது, நூலைக் கோத்துத் தன்னிடம் தரச் சொன்னார். கோத்துக் கொடுத்தேன். அங்குலத்துக்கு நான்கு தையல்தான் வந்தது.