டிஸ்சார்ஜ் சம்மரியில் விடுபட்ட ஒரு வரி

என் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவும் வைத்துவிட்டார்கள். வீடு திரும்பிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், டிஸ்சார்ஜ் சம்மரியை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "மூட்டை முன்பக்கமாகத் திறந்தார்களா, பின்பக்கமாகவா? இதில் அது இல்லையே, சார்" என்றார்.

பின்பக்கமாகத் திறந்திருந்தால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவதும், கால் மேல் கால் போடுவதும், காலை உட்புறமாகத் திருப்புவதும் ஆகாது; முன்பக்கம் என்றால் காலைப் பின்னால் அதிகம் நீட்டுவதும் வெளிப்புறமாகத் திருப்புவதும்தான் ஆபத்து. தெரியாமல் பயிற்சி கொடுத்து மூட்டு நழுவினால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயம். கணுக்காலை அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது ஆகிய இரண்டை மட்டும் சொல்லிக்கொடுத்தார். போகும் முன், நிமிர்ந்து நின்ற அம்மாவின் மணிக்கட்டு மடிப்புக்கு நேராகப் பிடி வரும்படி வாக்கரை உயர்த்தினார். மருத்துவமனையில் அதைத் தாழ்வாக வைத்துக் கொடுத்திருந்ததால்தான் அம்மா அதுவரை குனிந்தே நடந்திருக்கிறார்.

மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருந்தவரோ, கோப்பை எடுத்துக்கூடப் பார்க்காமல், "டாக்டர் எழுதியது அவ்வளவுதான், அவர் வரும் நாளில் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். வெறுங்கையோடு திரும்பினேன். அம்மாவின் பயிற்சி அந்த ஒரு வரிக்காகத் தடைபட்டு நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு, அம்மாவின் கையெழுத்துடன் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கேட்டு வாங்கிய பிறகுதான் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் கைக்கு வந்தது. 'போஸ்டீரியர் அப்ரோச்', அதாவது பின்பக்கமாகத் திறந்தது என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது.

அதன் பிறகு பயிற்சிகள் தடையின்றி நடந்தன. கழிப்பறை இருக்கையை உயர்த்தினோம். தாழ்வான சோபாவை ஓரங்கட்டினோம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை சிகிச்சை செய்த கால் முதலில் என்பது அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது.

டாக்டரைப் பார்க்கும்போதே, பிசியோதெரபி எத்தனை வாரம் தேவை என்று தனியாக எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவு உண்டு என்றாலும், அந்தச் சீட்டு இல்லாமல் அனுப்பிய பில்களைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பி அனுப்பியது. சீட்டை இணைத்த பிறகே பணம் வந்தது.