புல் ரிக்வெஸ்டா, நேரடி மாற்றமா?

பெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் தொகுப்புகளில், அவற்றை உருவாக்கும் முறையைச் சொல்லும் ஸ்பெக் கோப்பில் உள்ள உரிம வரியை எஸ்.பி.டி.எக்ஸ். என்ற பொதுத் தர உரிமப் பெயர்களுக்கு மாற்றும் பணி 2022இல் தொடங்கிய பிறகு, பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே நானும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டேன். பிறர் பராமரிக்கும் தொகுப்புகளிலும் நேரடியாக மாற்றத்தைப் பதிவு (கமிட்) செய்யும் புரூவன் பேக்கேஜர் உரிமை கையில் இருந்ததாலேயே, அதை எங்கே பயன்படுத்துவது, எங்கே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கும்படி பராமரிப்பாளரிடம் கேட்கும் கோரிக்கை) போட்டுக் காத்திருப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

'ஜிபிஎல்வி2+' (ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது) என்ற வரியை 'ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்' என்று மாற்றுவதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. பழைய பெயருக்கு ஈடான புதிய பெயர் ஒன்றே. இதற்கும் புல் ரிக்வெஸ்ட் போட்டால், ஒவ்வொரு பராமரிப்பாளரும் அதைத் திறந்து படித்து, சோதனை முடியும்வரை இருந்து இணைக்க வேண்டும். இடையில் அவர் புதிய பதிப்பை ஏற்றிவிட்டாலோ, இருவரும் மாற்றிய ரிலீஸ் எண்ணும் சேஞ்ச்லாக் (மாற்றக் குறிப்பு) வரியும் மோதிக்கொண்டு, ஒற்றை வரி மாற்றம் இணைக்க வழியின்றிக் கிடக்கும். (அவ்விரண்டையும் தானாகவே நிரப்பும் ஆர்பிஎம்ஆட்டோஸ்பெக் உள்ள தொகுப்புகளில் இந்தத் தொல்லை இல்லை, அதை எழுதியவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும்.) அம்பாசமுத்திரத்திலிருந்து சில தொகுப்புகளைப் பராமரிக்கும் தம்பியிடம் கேட்டபோது, "இதுக்கெல்லாம் எதுக்கு அண்ணாச்சி கேட்டுக்கிட்டு இருக்கீங்க? நீங்களே போட்டுருங்க" என்றார். இவ்வகை மாற்றங்களை முன்கூட்டியே அறிவித்துவிட்டு நேரடியாகவே செய்தேன். இதற்கெனத் தனியாக பில்ட் எடுக்கவும் (தொகுப்பை மறுபடி உருவாக்கவும்) தேவையில்லை, எல்லாத் தொகுப்புகளையும் மொத்தமாக உருவாக்கும் அடுத்த மாஸ் ரீபில்டில் சேர்ந்துவிடும்.

உரிம வரியில் 'பிஎஸ்டி' என்று மட்டும் எழுதியிருந்த தொகுப்புகளில் அந்தத் துணிவு வரவில்லை. பழைய முறையில் அந்தப் பெயர் இரண்டு நிபந்தனை உரிமத்தையும் மூன்று நிபந்தனை உரிமத்தையும் சேர்த்தே குறித்ததால், மூலக் கோப்புகளைத் திறந்து வாசகத்தைப் படித்தாக வேண்டும். ஒரு தொகுப்பின் முதன்மை உரிமக் கோப்பில் இரண்டு நிபந்தனைகளே இருந்தன. உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த, வேறிடத்திலிருந்து எடுத்த நிரல்களான துணை நூலகத்தில் (லைப்ரரி), ஆசிரியர் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற மூன்றாவதும் இருந்தது. அந்த நூலகம் பில்டில் சேர்கிறதா, ஒதுக்கப்படுகிறதா என்பதைப் பராமரிப்பவர்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால், இத்தகையவற்றுக்குக் காரணத்தை விரிவாக எழுதி புல் ரிக்வெஸ்ட் போட்டேன்.

இன்னொரு வகையும் உண்டு. சிலர் ஸ்பெக் கோப்பின் மூலத்தை வேறொரு களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டின்போதும் பெடோராவில் அப்படியே நகலெடுத்துப் போடுவார்கள். பெடோராவில் உள்ள நகலில் நேரடியாகக் கை வைத்தால் அடுத்த பதிப்போடு மாற்றம் காணாமல் போய்விடும். ஆகையால் திருத்தத்தை மூலக் களஞ்சியத்துக்கே அனுப்பினேன்.

பதில் வராத புல் ரிக்வெஸ்டுகளுக்கு ஒரு முறை நினைவூட்டினேன். அதன் பிறகும் அசையாதவற்றில், வாசகம் ஐயமின்றித் தெளிவாக இருந்தவற்றை நானே இணைத்தேன். துணை நூலகச் சிக்கல் உள்ளவை இன்றும் திறந்தபடியே இருக்கின்றன.