செய்யாமல் விட்டவை

நவம்பர் 24, 2024, ஞாயிறு

திருச்சபை ஆண்டின் கடைசி ஞாயிறு. நாட்காட்டியில் இன்னும் ஐந்து வாரம் மிச்சமிருக்கிறது. எங்கள் பள்ளி ஆலயத்தில் ஆண்டு இந்த வாரத்தோடு முடிகிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் கிரான்மர் தொகுத்த 1549 ஜெபப் புத்தகத்திலிருந்தே இந்த ஞாயிறுக்கு உரிய சுருக்க ஜெபம் "எழுப்பியருளும்" என்றுதான் தொடங்குகிறது. உமது மக்களின் மனதை எழுப்பியருளும், அவர்கள் நற்செயல்களின் கனியை நிறைவாகத் தரட்டும் என்று வேண்டுகிறது. திருத்திய தாள்களுக்கும் திருத்தாத தாள்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிற ஓர் ஆசிரியைக்கு இதைவிட வேண்டிய ஜெபம் வேறில்லை.

மாலையில் முன்னேற்ற அறிக்கைகளை எடுத்தேன். வகுப்பில் 34 பிள்ளைகள். 33 பேருக்கு எழுதிவிட்டேன். ஒருத்திக்கு மட்டும் பேனா நகரவில்லை. மூன்றாவது வரிசை, சன்னல் ஓரம். "அமைதியானவள், முயற்சி தொடரட்டும்" என்று எழுதினேன், அடித்தேன். எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் வாக்கியம், எந்தப் பிள்ளையையும் பார்க்காமல் எழுதும் வாக்கியம். இந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் கணிதம் படித்திருக்கிறாள். அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

நவம்பர் 28, வியாழன்

ஆலய வாசலில் மரப்பெட்டி வைத்தாயிற்று. இந்த ஆண்டில் இறந்துபோன தங்கள் அன்புக்குரியவர்களின் பெயரைப் பிள்ளைகளும் ஊழியர்களும் சீட்டில் எழுதிப் போடுவார்கள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் குருவானவர் அந்தப் பெயர்களை வாசிப்பார். சீட்டுகளைப் பட்டியலாக எழுதிக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலை.

இன்று பெட்டியில் ஒன்பது சீட்டுகள். ஒன்றில் ஒரு பெண்ணின் பெயர், அடுத்த வரியில் "பாட்டி. என்னை வளர்த்தவர்", அதற்கும் கீழே மார்ச் 7. எழுதியவர் பெயர் இல்லை. தேவையும் இருக்கவில்லை. ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடுகிறவள் என் வகுப்பில் ஒருத்திதான், அந்தச் சன்னல் ஓரத்துப் பிள்ளை.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு. ஊதா நிறத் துணி விரித்தோம், முதல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். இருளின் செயல்களைக் களைந்து ஒளியின் ஆயுதங்களைத் தரித்துக்கொள்ள அருள் கேட்கும் ஜெபம், ரோமர் 13-லிருந்து எடுத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்வரை இதைத் தினமும் சொல்ல வேண்டும் என்பது ஜெபப் புத்தகத்தின் விதி. ஒரே வார்த்தைகளை இத்தனை நாள் சொன்னால் அர்த்தம் தேய்ந்துவிடாதா என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்காவது நாளோ பத்தாவது நாளோ, நாம் எதிர்பாராத ஒரு காலையில்தான் அது நம்மைப் பிடிக்கும்.

டிசம்பர் 4, புதன்

பழைய மதிப்பெண் பதிவேட்டை எடுத்து மார்ச் மாதத்தைப் பார்த்தேன். ஆறு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலை இது. அந்த ஆறு நாளும் என்ன இருக்கும் என்று தெரிந்தே தள்ளிப்போட்டேன்.

மார்ச் 8: வரவில்லை. 11: வரவில்லை. 12: வீட்டுப்பாடம் இல்லை. 14: வீட்டுப்பாடம் இல்லை. 15: வீட்டுப்பாடம் இல்லை. எல்லாம் சிவப்பு மையில், என் கையெழுத்தில். 15-ஆம் தேதிக்கு எதிரே "இடைவேளையில் நிறுத்தி எழுத வைத்தேன்" என்ற குறிப்பும் இருக்கிறது. பாட்டி இறந்த எட்டாம் நாள், மற்ற பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருக்க, அவளை உட்காரவைத்துப் பின்னக் கணக்கு எழுத வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஜெபத்தில் பாவ அறிக்கை. 1552-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் வந்தது. சிறுவயதிலிருந்து எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! அதன் வரிசையை இன்றுதான் கவனித்தேன். செய்யத் தகாதவற்றைச் செய்தோம் என்பது இரண்டாவதாக வருகிறது. செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டோம் என்பதே முதலில். நானாக எழுதியிருந்தால் மாற்றித்தான் எழுதியிருப்பேன். கடிந்து பேசியது, பொறுமை இழந்தது என்று செய்த தவறுகளைத்தானே மனம் முதலில் தேடுகிறது. அவளை நிறுத்தி எழுத வைத்தது இரண்டாவது தவறு. முதல் தவறு 12-ஆம் தேதியே நடந்துவிட்டது. "இரண்டு நாள் ஏன் வரவில்லை?" என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அட்வெந்து இரண்டாம் ஞாயிறு. வேதத்தைக் கேட்கவும் வாசிக்கவும் குறித்துக்கொள்ளவும் கற்கவும் உள்ளத்தில் செரித்துக்கொள்ளவும் அருள் வேண்டும் ஜெபம். இதுவும் கிரான்மருடையது. வகுப்பறைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. நாங்கள் குறிப்பதோடு நின்றுவிடுகிறோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

குருவானவர் பட்டியலோடு வந்தார். வாசிக்கப்போகும் ஒவ்வொரு பெயரையும் அவர் முன்கூட்டியே சொல்லிப் பழகுவார். பெயரைத் தவறாகச் சொன்னால் வேறு யாருக்காகவோ ஜெபித்ததாகிவிடும் என்பது அவர் எண்ணம். "டீச்சர், இந்தப் பெயரின் நடுவில் வருகிற ககரத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமா, மெலிதாகவா?" என்று கேட்டார். அவளுடைய பாட்டியின் பெயர். கேட்டுச் சொல்கிறேன், ஐயா என்றேன்.

வகுப்பு முடிந்ததும் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். "பாட்டியின் பெயரை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன், தலையசைத்து மறுத்தாள். மீண்டும் சொன்னாள். மூன்றாவது முறை எனக்குச் சரியாக வந்தது.

"மார்ச்சில் நீ இரண்டு நாள் வராதபோது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு மேல் தண்டனையும் கொடுத்தேன். என்னை மன்னித்துக்கொள்."

"உங்களுக்குத் தெரியாதே, டீச்சர்."

அவள் எனக்காகப் பரிந்து பேசினாள். என்மேல் இருக்கிற குற்றமும் அதே வாக்கியம்தான். அங்கேயே விட்டிருப்பேன், அவள்தான் போகாமல் நின்றாள். ஏழுக்கு ஏன் கோடு போடுகிறாய் என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"பாட்டி அப்படித்தான் போடுவார். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்பார். வீட்டுப்பாடம் எல்லாம் அவரோடு உட்கார்ந்துதான் செய்வேன்."

அந்த வாரம் வீட்டுப்பாடம் ஏன் வரவில்லை என்பதற்கு ஒன்பது மாதம் கழித்துப் பதில் கிடைத்தது.

டிசம்பர் 13, வெள்ளி

கீத ஆராதனையின் ஒன்பது பாடங்களுக்கும், அதாவது வேத வாசிப்புகளுக்கும், ஒத்திகை. இந்த ஆராதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கு இதைவிடப் பிடித்தது இந்தப் பள்ளியில் இல்லை. 1880-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இங்கிலாந்தின் ட்ரூரோ பேராலயம் இன்னும் கட்டி முடியாத நிலையில், தற்காலிக மரக் கட்டடத்தில் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் இதை நடத்தினார். பின்னாளில் கேன்டர்பரியின் தலைமைப் பேராயர் ஆனவர். அதற்கெல்லாம் முன்பு அவர் வெலிங்டன் கல்லூரிப் பள்ளியின் முதல் தலைமையாசிரியர். சிறிய பாடகனில் தொடங்கிப் பேராயரில் முடியும்படி வாசிப்பவர்களை வரிசைப்படுத்தினார்கள். எந்தச் சபையிலும் பெரியவரைத்தானே முதலில் அழைக்கிறோம். இங்கே முதல் குரல் ஒரு சிறுவனுடையது.

1918-இல் போர் முடிந்த சில வாரங்களில், போர்க்களத்தில் குருவாகப் பணியாற்றித் திரும்பிய எரிக் மில்னர்-வைட் இதைக் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். தொடக்க அழைப்பு ஜெபத்தை அவரே எழுதினார். ஏழைகளையும் பசித்தவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் அதில் நினைத்தார். வேறொரு கரையில், பெரிய ஒளியில் நம்மோடு மகிழ்பவர்களையும் நினைத்தார். இளைஞர்கள் பலரைப் போரில் இழந்திருந்த கல்லூரி அது. எங்கள் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படுவதும் அந்த இடத்தில்தான்.

எங்கள் பள்ளியில் வாசிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை எனக்கு நிறைவாக இல்லை. ஆண்டுதோறும் நல்ல குரல் உள்ள அதே பிள்ளைகள். சமையலறையிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களில் ஒருவரேனும் வாசிக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். இந்த முறை இரவுக் காவலர் நான்காம் பாடம், ஏசாயா 11, வாசிக்கிறார். ஒத்திகையில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து தங்கும் என்று வந்ததும் பாடகர் குழு முழுதும் அவரைத் திரும்பிப் பார்த்தது.

முதல் பாடத்தை நீ வாசிக்கிறாயா என்று அவளிடமும் கேட்டிருந்தேன். வேண்டாம் டீச்சர் என்றாள். வற்புறுத்தவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

கீத ஆராதனை. விளக்குகளை அணைத்ததும் நானூறு பேரின் மூச்சு கேட்டது. முதல் பாட்டின் முதல் அடியை ஒரே ஒரு சிறுவன், துணை இசை இல்லாமல்.

பிறகு அழைப்பு ஜெபம், பெயர்கள். பட்டியல் 17 ஆகியிருந்தது. ஏழாவது அவளுடைய பாட்டி. குருவானவர் ககரத்தை மெலிதாக, அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அந்த நொடி அவளுக்கு உரியது.

ஆராதனை முடிந்து பார்த்தால், விட்டுச்சென்ற பாட்டுத் தாள்களை அவள் வரிசை வரிசையாகச் சேகரித்துக்கொண்டிருந்தாள். கோயில் பணியாளர் சொன்னார்: "இந்தப் பிள்ளை ஒவ்வொரு வாரமும் இருந்து அடுக்கிவிட்டுத்தான் போகும். உங்களுக்குத் தெரியாதா?"

டிசம்பர் 19, வியாழன்

கடைசி நாள். கூட்டுப் பிரார்த்தனையில் பொது ஸ்தோத்திரம் சொன்னோம். 1662 ஜெபப் புத்தகத்தில் சேர்ந்தது, நாரிச் பேராயர் எட்வர்ட் ரேனால்ட்ஸ் எழுதியது. எங்களைப் படைத்ததற்கும் காத்ததற்கும் நன்றி சொல்லி, உதடுகளால் மட்டுமல்ல, வாழ்க்கையாலும் துதிக்க அருள் கேட்கும். பிள்ளைகள் அதை வேகமாகச் சொன்னார்கள். ஊருக்குப் போகும் பெட்டிகள் வாசலில் காத்திருந்தன.

அவளுடைய அறிக்கையில் இப்படி எழுதினேன்: "எண்களைத் தெளிவாக எழுதுகிறாள். வீட்டில் நல்ல ஆசிரியரிடம் கணிதம் தொடங்கியவள். ஆலயத்தில் யாரும் கேட்காமலே வேலை செய்கிறாள். மார்ச்சில் அவளுக்கு நேர்ந்த இழப்பை நான் கவனிக்கத் தவறினேன். அந்த மாதத்து மதிப்பெண்களை அவளுடைய முயற்சியின் அளவாகக் கொள்ள வேண்டாம்." தலைமையாசிரியர் கடைசிக்கு முந்தைய வாக்கியத்தில் நிறுத்தினார். ஆசிரியரின் தவறை அறிக்கையில் எழுதும் வழக்கம் இல்லையே என்றார். பிள்ளையின் தவறை மட்டும் எழுதுகிறோமே, ஐயா என்றேன். கையெழுத்திட்டார்.

டிசம்பர் 28, சனி

மாசில்லாக் குழந்தைகளின் நினைவு நாள். கிறிஸ்துமஸுக்குப் பின் மூன்று நாள், மூன்று நினைவு: 26 ஸ்தேவான், 27 யோவான், இன்று ஏரோது கொன்ற குழந்தைகள். விடுதி காலி. ஆலயத்தில் ஐந்து பேர்தான் இருந்தோம். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் அந்தக் குழந்தைகளுக்குப் பெயர் இல்லை, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் இல்லை. ஆறுதல் கொள்ள மறுத்து அழும் ராகேல் மட்டும் இருக்கிறாள்.

வீடு திரும்பி அடுத்த பருவத்துப் பதிவேட்டை எடுத்தேன். அதே வகுப்புதான், அதே 34 பேர். மதிப்பெண் கட்டங்களுக்கு இடப்பக்கம் ஒரு பத்தி விட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதத் தொடங்கினேன். தம்பி பிறந்திருக்கிறான். இடது காது சரியாகக் கேட்காது. ஏழுக்குக் கோடு போடுவாள். இருட்டும்வரை எழுதினேன். 11 பெயர்களுக்கு எதிரே இன்னும் ஒன்றும் இல்லை.