வெள்ளம் வந்த வருஷத்து கிறிஸ்துமஸ்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்ம தூத்துக்குடி பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை தாண்டி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கமெல்லாம் வாழையும் நெல்லும் போச்சு. அடுத்த வாரமே கிறிஸ்துமஸ்.

எங்கள் பெரியம்மாவுக்குத் தோட்டமும் போய், தொழுவத்தில் நின்ற மாடும் போய், அப்படியிருந்தும் அதிகாலை ஆராதனைக்கு வந்து எல்லோரையும்விட சத்தமாகப் பாடினார். எப்படி பெரியம்மா என்று கேட்டேன். "அழுதாச்சுல்லா. அதுக்காவ ஆண்டவர் பொறக்கலன்னு ஆயிருமால?"

பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில் இதேதான் இருக்கிறது. வயல் விளையாமல், கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபையாருக்கு "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதியதும் சிறைக்காவலில் இருந்துகொண்டுதான். நம் சபைகளிலோ சாட்சி (ஆண்டவர் செய்ததை எல்லோர் முன்பும் சொல்வது) என்றாலே வேலை கிடைத்தது, விசா வந்தது, வீடு கட்டியாச்சு. சரி, அதெல்லாம் நன்றி சொல்ல வேண்டியதுதான், ஆனால் எதுவும் கிடைக்காதவர்களும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகையில் (நன்றி செலுத்தும் ஆராதனையில்) பெரியம்மா மாதிரி ஆட்களிடம் மைக்கைக் கொடுங்கள். (பாடச் சொல்லாதீர்கள், சுதி சேராது.)