சாங்க்ட் காலன்: சுருதி சொல்லாத சுவடிகள்

சூரிச்சிலிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாங்க்ட் காலன் கத்தோலிக்க மடத்து நூலகத்தில் காலணிமேல் கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு மரத்தளம் கீறிவிடக் கூடாதாம். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கிருக்கும் எகிப்திய மம்மியைச் சூழ்ந்து நின்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சுவடிகள் இருந்த கண்ணாடிப் பெட்டிகளருகே கூட்டமே இல்லை.

நான் தேடிப்போனது 359-ஆம் எண் சுவடி. 922க்கும் 926க்கும் இடையில் இதே மடத்தில் எழுதப்பட்டது. இசைக்குறிகளோடு முழுமையாகக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சுவடிகளில் ஒன்று. திருப்பலியில், அதாவது கத்தோலிக்கரின் பூசை வழிபாட்டில், தனிப்பாடகர் பாட வேண்டியவை இதில் உள்ளன. பெரும்பாலும் விவிலியத்தின் திருப்பாடல் (சங்கீதம்) வரிகள். 926-இல் மகியார்கள் (ஹங்கேரியர்கள்) படையெடுத்து வந்தபோது, முதலில் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள் என்று மடத்தாரிடம் சொன்னவர் விபொராதா என்ற துறவி. அவரோ தம் குடிலை விட்டு வெளியேறாமல் அங்கேயே கொல்லப்பட்டார்.

மூலச் சுவடியை எளிதில் காட்சிக்கு வைப்பதில்லை. மடத்தின் சுவடிகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதால், அன்றிரவு விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். ஈஸ்டர் நாளுக்குரிய பாட்டு: 118-ஆம் திருப்பாடலிலிருந்து, ஆண்டவர் உண்டாக்கிய நாள் இது என்று தொடங்குவது. லத்தீன் சொற்களுக்கு மேலே, சுருதியைக் காட்டும் கோடு எதுவும் கிடையாது. மெல்லிய பேனாவால் போட்ட கொக்கி, வளைவு, புள்ளி. ஒரே அசைக்கு மேல் அவை கொத்துக் கொத்தாக ஏறி இறங்குகின்றன. நியூம் என்பது இவற்றின் பெயர். இடையிடையே பொடி எழுத்துகள்: சி என்றால் விரைந்து பாடு, டி என்றால் நிறுத்திப் பாடு, எல் என்றால் குரலை உயர்த்து. இந்த எழுத்துகளுக்கு விளக்கம் எழுதியவர் என்று இதே மடத்துத் துறவி நோட்கரைச் சொல்கிறார்கள். அவருக்குத் திக்குவாய்!

ஆனால் எந்த ஸ்வரத்தில் தொடங்குவது, எவ்வளவு உயர்த்துவது? அதைச் சுவடி சொல்லவில்லை. நம் கர்நாடக இசைப் புத்தகங்களில் ஸ்வரம் இருக்கும், கமகத்தைக் குருவிடம் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இங்கே நேர்மாறு: குழைவையும் நடையையும் தாளில் எழுதிவிட்டு, மெட்டைப் பாடகரின் நினைவுக்கு விட்டுவிட்டார்கள். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துத் துறவி குய்தோ கோடுகள் போட்டுச் சுருதியைத் தாளில் நிலைநிறுத்தியது இதற்குச் சுமார் நூறு ஆண்டு கழித்துத்தான். கோடு வந்தது பெரும் வசதி. ஆனால் பின்னால் வந்த, கோடுகளின்மேல் எழுதும் சதுரக் குறிகளில் இந்த நுணுக்கம் பெரும்பாலும் காணாமல் போயிற்று என்பதைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. அதனால்தான் 1979-இல் வெளியான ஒரு பாடல் நூலில், சதுரக் குறிகளுக்குக் கீழே சாங்க்ட் காலன் நியூம்களைச் சிவப்பில் அச்சிட்டார்கள். இன்றைய பாடகர் மெட்டை மேலிருந்தும் நடையைக் கீழிருந்தும் எடுத்துக்கொள்கிறார்.

சுவடி ஒடுங்கி நீண்டது. அதன் உறையிலுள்ள தந்தப் பலகை அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. அதில் செதுக்கியிருப்பது, கிரேக்கரின் மதுக்கடவுள் டயோனைசஸ் இந்தியர்களோடு போரிடும் காட்சி. திருப்பலிப் பாட்டுப் புத்தகத்துக்கு இப்படியோர் அட்டை வாய்த்ததைப் பற்றி மடத்துத் துறவிகள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தந்தம் நல்ல தந்தம்.