3000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுக்காத கார்: தேவையில்லாமல் மாற்றிய பம்ப்

கடைசியில், சைலன்சர் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டதுதான் காரணம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் பிளக், ஏர் ஃபில்டர், பியூயல் பம்ப் என்று நன்றாக இருந்ததையெல்லாம் மாற்றிவிட்டார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

பழைய பெட்ரோல் கார். வடசேரி நெரிசலில் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. 3000 ஆர்பிஎம் தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் சத்தம்தான் கூடும், வேகம் ஏறாது. குலசேகரம் பக்கத்து ஏற்றங்களில் இரண்டாவது கியருக்கு இறங்கித்தான் போக முடிந்தது.

நாகர்கோவிலில் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன முதல் பதில்: "ஆரல்வாய்மொழி வழியா போனீங்கல்லா அண்ணே, ஆடிக் காத்து. அதான் இழுக்கல." முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாக வருவது. நான் போனது திருநெல்வேலிக்கு. அது பின்னாலிருந்து தள்ளும் காற்று. இதைச் சொன்னதும் பேச்சு பிளக்குக்கு மாறியது. அப்புறம் ஃபில்டர். ஸ்கேனரில் பழுதைக் காட்டும் குறியீடு எதுவும் வரவில்லை என்றதும், "அப்ப பம்ப்தான்" என்று முடிவு கட்டினார்கள். பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜை ஒருமுறைகூட மாட்டிப் பார்க்கவில்லை. பம்ப் மாற்றியும் வண்டி அப்படியேதான் இருந்தது. பழைய பம்பைக் கேட்டால் குப்பையில் போட்டாச்சாம். எந்தப் பாகம் மாற்றினாலும் பழையதை முன்கூட்டியே கேட்டு டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் ஒரு மெக்கானிக் முதலில் கேஜைத்தான் எடுத்தார். மாட்டியபடியே ஓட்டிப் பார்த்தோம். முழுதாக மிதித்தபோதும் என் வண்டிக்கு வேண்டிய 3 பார் அழுத்தத்திலிருந்து முள் இறங்கவில்லை. பெட்ரோல் பக்கம் பழுதில்லை. எஞ்சின் ஆறியதும் கன்வெர்ட்டருக்கு முன்னால் புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் புகையின் அழுத்தத்தை அளக்க இன்னொரு கேஜ். 2500 ஆர்பிஎம்மில் பொதுவாக 3 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டும். இதில் ரெய்ஸ் செய்யச் செய்ய ஏறிக்கொண்டே போனது. ஐடிலில் புகை கொஞ்சம்தான், அடைப்புக்குள்ளும் நுழைந்து போய்விடும். வேகம் கூடும்போது அவ்வளவு புகையும் வெளியேற வழியில்லை, புதுக் காற்று உள்ளே வரவும் இடமில்லை.

அடைப்பு வந்த கதைதான் எனக்கு அதிகம் வலித்தது. முன்பு பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று பழுதாகி எஞ்சின் துடித்து, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிந்தது. "காயில் வர நாளாகும், ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்றது அதே ஒர்க்‌ஷாப்தான். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பகுதியை உருக்கிவிட்டது. அந்த லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். சிமிட்டினால் ஓட்டாதீர்கள்.

உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டலாம் என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். வேண்டாம். நச்சுப்புகை நேராக வெளியே வரும், புகைச் சோதனையிலும் சிக்கல். விலை கடித்தாலும் நான் புதியதே போட்டேன். இப்போது 4000 தாண்டியும் தயங்காமல் ஏறுகிறது.

கேஜ் அளவுகளைப் பில்லில் எழுதி வாங்கி, பழைய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். பம்ப் காசு வரவில்லை. அதை மாட்டிய கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள்.