தீவு விடுதி நாட்குறிப்பு: அலையடிக்காத இடத்தில் இறங்குவதற்கு முன்

பிப்ரவரி 3

விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் வேகப்படகில் முன்வரிசைக்குத்தான் போட்டி. கடலைப் பார்க்க நல்ல இடம், முதுகுக்குக் கெட்ட இடம். படகின் முகப்பு அலைமேல் எம்பித் தொப்பென்று விழும்போது அந்த அடி முழுவதும் முதுகுத்தண்டில் இறங்குகிறது. இடுப்புப் பக்கத்து முள்ளெலும்பு நொறுங்கியவர்கள் உண்டு. வயதானவர்களும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் பின்வரிசையில் எஞ்சின் பக்கம் உட்காரட்டும். மிதவை அங்கியைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது. குழந்தையின் அங்கியில் கால்களுக்கிடையே செல்லும் பட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மிதக்கும், பிள்ளை கீழே நழுவும்.

அறைச் சாவியை வாங்கும்போதே மூன்று கேள்விகள்: தீவில் மருத்துவர் உண்டா, ஆக்சிஜன் உருளை எங்கே இருக்கிறது, பெரிய மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரம்? இரவில் எப்படிப் போவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். இருட்டிய பிறகு படகுதான், அதுவும் கடல் விட்டால். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டி ஒரு நாள் தாமதமாக வரலாம்.

பிப்ரவரி 4

பவளப்பார், அதாவது கடலடிப் பவளத் திட்டு, சூழ்ந்த தீவில் ஏமாற்றும் இடம் எது என்றால், அலையே அடிக்காத இடம். பாரின்மேல் உடையும் ஒவ்வோர் அலையும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே வந்த நீர் வெளியேற வேண்டுமே! பாரில் எங்கே பிளவு இருக்கிறதோ, அந்த வாய்க்கால் வழியே திரும்பிப் போகிறது. அங்கே ஆழம் அதிகம், ஆகவே அலை உடைவதில்லை. நிறம் கருநீலம், மேற்பரப்பு அமைதி. குடும்பத்தோடு வருபவர்கள் சரியாக அதைப் பார்த்து "இங்கே இறங்கலாம்" என்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் வற்றத்தின் இழுப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

கரையோர இழுப்பு நீரோட்டத்தில் நொடிக்கு 2.5 மீட்டர் வரை வேகம் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் 100 மீட்டர் உலகச் சாதனை நீச்சலே நொடிக்கு 2.2 மீட்டரைத் தொடுவதில்லை. எதிர்த்து நீந்துகிறவர் தோற்பது தண்ணீரால் அல்ல, களைப்பால்.

மணற்கரையில் சிக்கினால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள், ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள், பிறகு கரைக்கு இணையாக நீந்தி அலை வெள்ளையாக உடையும் பக்கம் வந்து அலையோடு கரையேறுங்கள். பாரின் வாய்க்காலில் இந்தக் கடைசிப் படி ஆகாது. அங்கே வெள்ளை நுரைக்கு அடியில் பவளம், அலை உங்களை அதன்மேல் உரசிவிடும். வாய்க்காலைத் தாண்டியதும் இழுப்பு தளரும். மிதந்தபடி காத்திருங்கள், படகு வரட்டும்.

இறங்கும் முன் ஒரு சோதனை: தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை எறிந்து இரண்டு நிமிடம் பாருங்கள். அது நடந்து போகும் வேகத்தில் நகர்ந்தால் அன்று அந்த இடம் வேண்டாம். சிவப்பு–மஞ்சள் கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி காவலர் கண்ணில் இருக்கும் பகுதி. ஒற்றைச் சிவப்பு கடும் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. ஊதாக் கொடி கடல் உயிரிகளுக்கானது.

பிப்ரவரி 5

ஸ்நார்க்கெல், அதாவது குழாய் வழியே மூச்சுவிட்டபடி மேற்பரப்பில் மிதந்து கடலடியைப் பார்ப்பது. அந்த விபத்துகளில் கூச்சல் இருக்காது. முகம் தண்ணீருக்குள், முதுகு வெளியே. மிதப்பவரும் மயங்கியவரும் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவராகவே போக வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

தண்ணீருக்குள் உடல் இருக்கும்போது கைகால்களின் இரத்தம் நெஞ்சுப் பக்கம் திரள்கிறது. குறுகலான குழாய் வழியே வலிந்து மூச்சிழுத்தால் நுரையீரலுக்குள் அழுத்தம் குறைந்து, இரத்தக் குழாயிலிருந்து நீர் உள்ளே கசியலாம். ஒரு மடக்கு கடல்நீர் குடிக்காமலே மூச்சு முட்டும். கை கால் வலுவிழப்பது, இருமல், நுரைத்த சளி எல்லாம் அடையாளங்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. காரணமில்லாமல் மூச்சு வாங்கினால் "கொஞ்சம் சுதாரித்துக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். குழாயை வாயிலிருந்து எடுத்து, மல்லாந்து, கையசைத்து வெளியே வந்துவிடுங்கள்.

முழுமுக முகமூடி புதியவர்களுக்கு வசதியாகத் தோன்றும். குழாயைத் துப்பிவிடுவதுபோல அதை நொடியில் துப்ப முடியாது, பட்டையைப் பின்னாலிருந்து கழற்ற வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று பத்து முறை கழற்றிப் பழகாதவர் ஆழத்துக்குப் போக வேண்டாம். முக்குளிக்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கி விடும் பழக்கமும் கெட்டது. கரியமில வாயு குறைவதால் மூச்சுக்கான உந்துதல் தாமதமாகும், அதற்குள் நினைவு தப்பிவிடும்.

நீரில் மூழ்கியவருக்கு மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து 5 முறை காற்று கொடுத்து, பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கும் வேலை கூடவே கூடாது.

பிப்ரவரி 6

வெயில். வெப்பமண்டலத்தில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11க்கு மேல் போவது சாதாரணம், மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. வளர்ந்தவரின் உடம்பு முழுதுக்கும் ஒரு தடவைக்குச் சுமார் 35 மில்லி வெயில்காப்புக் களிம்பு வேண்டும். பெரும்பாலானவர்கள் அதில் பாதிதான் பூசுகிறார்கள், எஸ்.பி.எஃப் (வெயில்காப்பு அளவு) 50 என்று வாங்கியது அங்கேயே வீணாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், குளித்தெழுந்ததும் மறுபூச்சு. கொசு விரட்டி தேவையென்றால் களிம்புக்கு மேலே பூசுங்கள். உள்ளதில் மலிவான பாதுகாப்பு முழுக்கைச் சட்டை: கடலில் குப்புற மிதப்பவருக்கு முதலில் வேகும் இடங்கள் முதுகும் முழங்கால் பின்புறமும்.

உடம்பின் நீரிழப்பை ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ் பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

பிப்ரவரி 8

கல் மீனும் சிங்க மீனும் குத்தினால் வெந்நீர்தான் முதலுதவி. அவற்றின் நஞ்சு புரதம், சூடு பட்டால் சிதையும். பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம். குத்துப்பட்ட காலுக்குச் சூடு உறைக்காது, ஆகவே நல்ல காலை விட்டுப் பார்த்த பிறகே அதை நனையுங்கள். திருக்கைக்கும் இதே வைத்தியம், ஆனால் முள் நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால் பிடுங்காதீர்கள். மணலில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்தபடி நடந்தால் திருக்கை தானே விலகும்.

பெட்டிச் சொறி (பெட்டி வடிவ ஜெல்லி மீன்) பட்டால் 30 நொடி காடி (வினிகர்) ஊற்றுங்கள். நன்னீர் வேண்டாம், மணலைத் தேய்க்கவே வேண்டாம், வெடிக்காமல் இருக்கும் கொட்டு செல்களும் வெடிக்கும். அழகாய்க் கிடக்கும் கூம்பு நத்தையைக் கையில் எடுப்பது பைத்தியக்காரத்தனம். அதற்கு முறிமருந்து கிடையாது.

பிப்ரவரி 9

சாப்பாட்டில் கேட்டு உண்ண வேண்டியது பெரிய சீலா, களவா, அஞ்சாளை. பவளப்பாரின் நுண்பாசியிலிருந்து வரும் சிகுவாடெரா நஞ்சு பெரிய மீனில் சேர்ந்திருக்கும். சமைத்தாலும் உறையவைத்தாலும் போகாது, வாசனையோ ருசியோ காட்டிக்கொடுக்காது. குளிர்ந்த நீர் சுடுவதுபோலத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டெங்குக் கொசு கடிப்பது பகலில். டீட் என்ற வேதிப்பொருள் 20–30 சதவீதம் உள்ள விரட்டி போதும். காய்ச்சலென்றால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும்.

பிப்ரவரி 10

தரை நீண்ட நேரம் குலுங்கினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ சுனாமி வரலாம், சைரனுக்குக் காத்திருக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு பத்து வயதுச் சிறுமி, புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கடல் நுரைப்பதைப் புரிந்துகொண்டு கடற்கரையையே காலி செய்ய வைத்தாள். மலையுள்ள தீவில் மேடு நோக்கி ஓடலாம். தட்டையான பவளத் தீவில் கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிதான் மேடு. அது எது என்று இன்றே பார்த்து வையுங்கள். முதல் அலை சிறியதாக வந்தாலும் இறங்காதீர்கள், மணிக்கணக்கில் அடுத்தடுத்து வரும்.

பிப்ரவரி 11

ஸ்கூபா (காற்று உருளையோடு) முக்குளித்தவர்கள் விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம், நிறுத்தி நிறுத்தி மேலேறும் ஆழ முக்குளிப்பென்றால் இன்னும் அதிகம். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழாகாமல் இருக்க இந்த இடைவெளி. பலரும் பெரிய விமானத்தின் நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். தீவிலிருந்து ஏறும் கடல் விமானமும் உயரே போகிறது. அது காலை 10 மணிக்குக் கிளம்பினால், பல முறை முக்குளித்தவர் முந்தைய நாள் மாலை 4 மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.